நிறம் வரல

வேணாம் தாயி, நீ குடி. தப்பா நெனைக்காத. பாட்டில்ல அடைச்சு வர்ற எதையும் நான் வாயில வைக்கிறதில்ல. தண்ணின்னா இந்தா, தூக்குவாளியில வீட்டுத் தண்ணி கொண்டாந்திருக்கேன். வேண்டுதல் கீண்டுதல் ஒண்ணுமில்ல. பதினோரு வருசமா கலர் கம்பெனியில பாட்டில் கழுவுற எடத்துல வேலை. குடிக்கிற பழக்கம் விட்டுப்போச்சு. அம்புட்டுதான்.

நீ எங்க எறங்கணும்? சரி சரி, அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. நான் ஒனக்கு முந்தியே எறங்கிருவேன்.

கோர்ட்டுக்கு வந்துட்டுத் திரும்புறேன் தாயி. பயந்துராத, நான் ஒரு குத்தமும் செஞ்சவ இல்ல. சாட்சி சொல்ல வந்தேன். கம்பெனி பக்கத்துச் சாட்சி. காலையில மொதலாளி தன்னோட கார்லயே கூட்டியாந்தாரு, முன்சீட்டுல உக்கார வச்சு. பதினோரு வருசத்துல அந்தக் கார்ல இன்னைக்குத்தான் ஏறினேன். திரும்பும்போது அவருக்குச் சிவகாசியில சோலி. அதனால கோர்ட்டு வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டாரு. "நல்லாச் சொன்ன குருவம்மா"ன்னாரு. நல்லாச் சொன்னேனா இல்லையான்னு எனக்குத் தெரியல. உள்ளதைச் சொன்னேன். அது மட்டும் தெரியும்.

வீட்டுல போய்ச் சொன்னா மருமக, "விடுங்க அத்தை, முடிஞ்சுபோன கதை"ம்பா. நீ தெரியாத புள்ள. நீயே கேட்டுட்டுச் சொல்லு.

கலர்னா தெரியும்ல? ஆரஞ்சு, பன்னீர், எலுமிச்சை. கண்ணாடி பாட்டில்ல தகர மூடி போட்டு வரும். குடிச்சுட்டு பாட்டிலைக் கடையிலயே குடுத்துரணும். அது திரும்ப எங்ககிட்ட வரும். வரும்போது எப்படி வரும்ங்கிற? உள்ள பீடித் துண்டு கிடக்கும். வெத்தலை எச்சி கிடக்கும். உறிஞ்சுற குழாய் ரெண்டா மடிஞ்சு கழுத்துல சொருகிக் கிடக்கும். ஒரு தடவை ஓணான் குட்டி செத்துக் கிடந்துச்சு. இத்தனை அழுக்கையும் போக்குறது ஒண்ணே ஒண்ணுதான், காஸ்டிக் சோடா.

வெள்ளை மூடையில வரும். பிரிச்சா செதில் செதிலா, கல்கண்டை நசுக்கிப் போட்ட மாதிரி, பார்க்க அம்புட்டு அழகா இருக்கும். ஒரு வாசனை கிடையாது. தண்ணியில கொட்டினா அடுப்பே இல்லாம தண்ணி தானாச் சுடும். கரைஞ்சுட்டா பச்சைத் தண்ணிக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. தொட்டா வழுவழுன்னு சோப்பு மாதிரி இருக்கும். "சோப்பு மாதிரி இல்லக்கா, சோப்பேதான். உங்க தோல்ல இருக்கிற கொழுப்பை அது சோப்பாக்குது. அதான் வழுக்குது"ன்னு ஷர்மிளா சொல்வா.

ஷர்மிளான்னா எங்க கம்பெனியில கெமிஸ்ட்டா இருந்த பொண்ணு. காலேஜ் முடிச்சுட்டு வந்த புள்ள. நான் எட்டாப்பு. ஆனா என்கிட்டதான் உக்காந்து பேசுவா. "அக்கா, உங்க சேலையில மினுமினுப்பு இருக்கே, அது நூலைக் காஸ்டிக்ல முக்கி எடுத்ததால வந்தது. இந்த ரிஜிஸ்டர் பேப்பர் இருக்கே, மரத்தைக் காஸ்டிக்ல வேகவச்சு எடுத்தது. குளிக்கிற சோப்பு, சமைக்கிற எண்ணெய், பால் பண்ணையில பால் ஓடுற குழாய், எல்லாத்துக்குள்ளயும் இது ஒரு தடவை போயிட்டுத்தான் வந்திருக்கும்"ம்பா. "உள்ள போறதைப் பத்திக் கவலை இல்லக்கா. போனது வெளிய வந்துருச்சான்னு பார்க்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்"ம்பா.

ஒரு நாள் என்னோட அலுமினியச் சோத்துச் சட்டி மூடி கைதவறி அந்தத் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. எடுக்கப் போனேன். ஷர்மிளா கையைப் பிடிச்சு இழுத்துட்டா. நுரைச்சுச்சு பாரு, கடல்ல அலை நுரைக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்துல மூடி சல்லடையாயிருச்சு. சாயங்காலம் தொட்டியைக் காலி பண்ணும்போது மூடியே இல்ல. ஒரு வளையம் கூட மிச்சமில்ல. நாங்க எல்லாரும் சிரிச்சோம். அவ மட்டும் சிரிக்கல.

அவ வேலை என்னன்னா, கழுவி முடிஞ்ச பாட்டிலோட அடியில ரெண்டு மூணு சொட்டுத் தண்ணி ஒட்டியிருக்கும்ல, அதுல ஒரு சொட்டு மருந்து விடணும். அந்த மருந்துக்கு வாயில நுழையாத பேரு. நாங்க சொட்டு மருந்துன்னுதான் சொல்வோம். காஸ்டிக் மிச்சமிருந்தா ரோஸ் நிறம் வரும். சுத்தமாப் போயிருந்தா வராது. அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கணும். ரிஜிஸ்டர்ல நேரம் போட்டு, "நிறம் வந்தது" இல்லன்னா "நிறம் வரவில்லை", ரெண்டுல ஒண்ணை எழுதிக் கையெழுத்துப் போடணும். நிறம் வந்தா அந்த வரிசை பூரா மறுபடி கழுவணும்.

ரெண்டு வருசம் முந்தி ஒரு கோடை வந்துச்சே, நெனப்பிருக்கா? பங்குனியிலயே கம்பெனி போர் வத்திருச்சு. லாரித் தண்ணிதான். அதுவும் கேட்ட நேரத்துக்கு வராது. கலர் விக்கிற சீசனே அதுதான். ஊரெல்லாம் கோயில் கொடை, கல்யாணம். பாட்டிலு மலை மாதிரி வந்து குமிஞ்சு கிடக்கு, கழுவத் தண்ணி இல்ல. காஸ்டிக்ல ஊறவச்சு எடுத்த பாட்டிலை மூணு தண்ணியில அலசணும், அதான் எங்க வழக்கம். மொதலாளி வந்து பார்த்தாரு. "மூணு எதுக்கு? ஒரு தண்ணி போதும்"ன்னாரு. ஷர்மிளா, "முடியாது சார்"ன்னா. "ஒரு தண்ணியில அழுக்குப் போகணும்னா காஸ்டிக்கை ரெண்டு பங்காப் போடு"ன்னாரு. அவரு மச்சினன் சாயப்பட்டறை வச்சிருக்காரு, அங்கருந்து மூடை மூடையா வரும், அதுக்குப் பஞ்சமில்ல. தண்ணிக்குத்தான் பஞ்சம். மொதலாளியைக் குறை சொல்ல முடியாது தாயி. மழை பெய்யாததுக்கு அவரு என்ன செய்வாரு?

ஷர்மிளா பேனாவை மேசை மேல வச்சுட்டா. "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்"னு சொல்லிட்டு வெளிய போனவதான். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருந்தாக, அதான் நின்னுட்டான்னு நான் நெனைச்சுக்கிட்டேன். போகும்போது தொட்டிப் பக்கம் வந்து என்கிட்டச் சொன்னா: "அக்கா, கழுத்துல குழாய் அடைச்ச பாட்டில் கவுத்தாலும் வடியாது. உள்ள நிக்கிறது தண்ணியா காஸ்டிக்கான்னு கண்ணுக்குத் தெரியாது. நீங்களாவது பார்த்துக்கோங்க." நல்ல புள்ளதான். பொறுமை பத்தாது.

மறுநாள் மொதலாளி என்னைய ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. "குருவம்மா, உன் கையெழுத்து நல்லாருக்கும்னு சொல்றாகளே, எழுது பார்ப்போம்"ன்னாரு. என் பேரை எழுதிக் காட்டினேன். முத்து முத்தா இருக்கும் தாயி என் எழுத்து. எட்டாப்புலயே டீச்சர் என்னையத்தான் போர்டுல எழுதச் சொல்வாக. ரிஜிஸ்டரையும் சொட்டு மருந்தையும் என் கையில குடுத்துட்டாரு. ஷர்மிளா உக்காந்த நாற்காலியும் எனக்கு. அதுவரைக்கும் கம்பெனியில நான் உக்காந்ததே கிடையாது. ஒன்பது வருசம் நின்ன காலு. முதல் நாள் அந்த நாற்காலியில உக்காந்தப்ப கால் ரெண்டும் என்னோடது இல்ல போல இருந்துச்சு.

அந்த முதல் நாளே ரோஸ் வந்துருச்சு. லேசான ரோஸ் இல்ல, அரளிப்பூ நிறம். பாட்டிலைத் தூக்கிட்டு ஆபீசுக்கு ஓடினேன். மொதலாளி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாரு. "இதுவா ரோசு? எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. அந்தப் புள்ள மாதிரி நீயும் பயமுறுத்தாத குருவம்மா. இது சீசன். அறுபது பேரு பொழப்பு"ன்னாரு. அறுபது பேரு பொழப்புன்னு சொல்லும்போது நான் என்னத்தைப் பேச? நானும் வாங்கி வெளிச்சத்துல பார்த்தேன். அப்படியே பார்த்துக்கிட்டே இருந்தா வெளுத்துக்கிட்டு வர்ற மாதிரிதான் இருந்துச்சு. போய் "நிறம் வரவில்லை"ன்னு எழுதினேன்.

பெறகு ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன். அரளிப்பூ மாதிரி வந்தா மட்டும் மறுபடி கழுவச் சொல்றது. அதுக்குக் கீழ உள்ளதை நிறம்னு எடுத்துக்கிறதில்ல. தினம் ரெண்டு வரிசையாவது திருப்பி அனுப்பினேன் தெரியுமா? அதை யாரும் பேச மாட்டாக.

சொட்டு மருந்து கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. கேட்டா, "அடுத்த வாரம் வாங்கிரலாம்"ன்னாரு. நான் சிக்கனக்காரி. அதுல கொஞ்சம் தண்ணி கலந்தேன். பால் மாதிரி கலங்கிப்போச்சு. கலங்கினதைச் சொட்டினா ரோஸ் வர்றதும் கொறைஞ்சிருச்சு. எனக்கே ஒரு நிம்மதி. அரை மணிக்கு ஒரு தடவை நெஞ்சு பக்கு பக்குன்னு இருந்தது போயி நல்லாச் சோறு எறங்குச்சு.

சித்திரை பொறந்து பத்து நாள்ல சுத்தமாத் தீர்ந்துபோச்சு. ஆட்டினா சத்தமே இல்ல. மொதலாளிகிட்டப் போய் நின்னேன். "வாங்குறேன். அதுவரைக்கும் ரிஜிஸ்டர் காலியா இருக்கக்கூடாது. சோதனைக்கு ஆபீசர் வந்தா கேப்பாரு"ன்னாரு. மருந்தில்லாம என்னத்தை எழுத? நாற்காலியில உக்காந்து யோசிச்சேன் தாயி. மருந்து இல்லன்னா நிறம் வருமா? வராது. அப்ப "நிறம் வரவில்லை"ன்னு எழுதினா அது பொய்யா? நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு.

இருபத்திரெண்டு நாள் அப்படி எழுதினேன். மத்தவளா இருந்தா சாயங்காலம் ஒரே மூச்சுல நாள் பூராவுக்கும் எழுதி வச்சுட்டுப் போயிருப்பா. நான் அப்படிச் செய்யல. அரை மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சுப் போயி, ஒரு பாட்டிலை எடுத்து, உள்ள பார்த்து, வந்து உக்காந்து எழுதினேன். காய்ச்சல் கண்ட அன்னைக்கும் எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. வேணும்னா கோர்ட்டுல போய்ப் பாரு, அங்கதான் இருக்கு.

நீ அந்தப் பக்கம் பார்க்காத தாயி, இனிமேதான் விசயமே வருது.

எங்க ஊரு காய்கறி மண்டியில ஏலம் கூறுறவரு கொம்பையா அண்ணன். எங்க தெரு மண்டிக்குப் பின்னாடி. காலையில அவரு சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்புப் பத்த வைக்கிறது. மைக் கிடையாது. "கத்திரி நாப்பது, நாப்பது, நாப்பத்தி ரெண்டு, அம்பது"ன்னு எடுப்பாரு பாரு, மூணு தெரு தள்ளி இருக்கிறவனுக்கும் என்ன வெலைன்னு தெரிஞ்சுபோகும். எங்க தெருப் பொம்பளைக அவரு சத்தத்தை வச்சே அன்னைக்கு என்ன கொழம்புன்னு முடிவு பண்ணுவோம். பத்து மணிக்கு ஏலம் முடிஞ்சதும் நேரா கனியக்கா கடைக்கு வருவாரு. செல்வக்கனின்னு பேரு, மண்டி வாசல்ல பெட்டிக்கடை. எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி. என் மகன் பொறந்தப்ப பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவ அவதான். கொம்பையா அண்ணன் தினம் ஒரு ஆரஞ்சு கலர் குடிப்பாரு. நின்னு ருசிச்சுக் குடிக்கிற ஆளு இல்ல. கத்திக் கத்திக் காஞ்ச தொண்டை, அண்ணாந்து ஒரே மடக்குல பாதி பாட்டிலு உள்ள போயிரும்.

அந்த இருபத்திரெண்டாவது நாளும் அப்படித்தான் குடிச்சிருக்காரு. நான் பார்க்கல, நான் கம்பெனியில இருந்தேன். கனியக்காதான் சொன்னா. பாதியைக் குடிச்சுட்டு பாட்டிலைப் பலகை மேல வச்சாராம். ஒரு மாதிரி முழிச்சாராம். "கனி, இது ஏன் வழுக்குது?"ன்னு கேட்டாராம்.

அதுதான் தாயி அவரு தன்னோட சத்தத்துல பேசின கடைசிப் பேச்சு. அதுக்கப்புறம் வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கல. மதுரைக்குத் தூக்கிட்டுப் போனாக. ஆளு பொழைச்சுட்டாரு. ஆனா உணவுக் குழாயும் குரல்வளையும் வெந்து சுருங்கிப்போச்சு. வயித்துல ஓட்டை போட்டு ட்யூப் வழியாத்தான் கஞ்சி. பேச்சுன்னா காத்துதான் வருது. மண்டியில இப்ப மைக் வச்சு வேற ஒருத்தன் கூறுறான். ஒரு வெலையும் எங்க தெருவுக்கு வெளங்குறதில்ல.

மத்தியானம் எனக்குச் சேதி வந்துச்சு. வழுக்குதுன்னு சொன்னாருன்னதும் என் வெரலைச் சேலையில தொடைச்சுக்கிட்டேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அப்ப ரெண்டு மணி. ரிஜிஸ்டர்ல எழுதற நேரம். எழுதினேன்.

மறுநாளே புது சொட்டு மருந்து ரெண்டு பாட்டில் வந்துருச்சு. அலசுறதும் பழையபடி மூணு தண்ணி. மூணாம் நாள் ஆபீசர் வந்தாரு. அவரே சொட்டிப் பார்த்தாரு, நிறம் வரல. ரிஜிஸ்டரை ஒவ்வொரு பக்கமாத் திருப்பினாரு. "இது யாரு எழுத்து?"ன்னாரு. நான் எந்திரிச்சு நின்னேன். "ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு ஒழுங்கா எழுதுறதில்லம்மா"ன்னாரு. அத்தனை பேரு முன்னாடி. மொதலாளி சிரிச்சுக்கிட்டு நின்னாரு.

கனியக்கா கடையையும் போலீஸ் சோதிச்சுச்சு. பின்னாடி சாக்கடை கழுவ ஆசிட் வச்சிருந்தா. எதுல? எங்க கம்பெனி காலி பாட்டில்ல. யாரு வீட்டுலதான் வைக்கல? எங்க வீட்டுலயும் பினாயில் அதுலதான் இருக்கு. ஆனா போலீசு கண்ணுல பட்டுருச்சே. கலருக்குப் பதிலா அதை மாத்திக் குடுத்துட்டான்னு ஊரே பேசுச்சு. மூடி போட்ட பாட்டிலை எப்படித் தாயி மாத்திக் குடுக்க? "மூடியை நான்தான் ஒடைச்சேன், ஒடைக்கும்போது புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு"ன்னு கனியக்கா தலையில அடிச்சுக்கிட்டா. யாரு கேக்கா?

அவ ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தா. உள்ள வரல, வாசப்படியில நின்னுக்கிட்டா. "குருவு, ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லு. அந்தப் பாட்டில் அங்கருந்து எப்படி வந்துச்சு?"ன்னா. "ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதுதான்கா"ன்னேன். "நான் ரிஜிஸ்டரைக் கேக்கல, ஒன்னையக் கேக்குறேன்"ன்னா. நான் ஒலைக்கு அரிசி போடணும்னு உள்ள போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா ஆளில்ல. அந்த வாரமே மண்டி ஆளுக கடைத் தட்டியைப் பிச்சுப் போட்டுட்டாக. கனியக்கா கடையை அப்படியே விட்டுட்டு மக வீட்டுக்குப் போயிட்டா. எங்க போனான்னு ஊர்ல ஒருத்தருக்கும் சொல்லல. எனக்கு மட்டும் தெரியும். எப்படின்னா, அவ மகளைக் கட்டிக் குடுத்தப்ப சீர் சுமந்துக்கிட்டுப் போனவ நான்.

கொம்பையா அண்ணன் கம்பெனி மேலயும் கடை மேலயும் சேர்த்துக் கேஸ் போட்டாரு. கனியக்காவுக்குப் போன நோட்டீஸ் திரும்பி வந்துருச்சாம். அதனால இன்னைக்குக் கம்பெனி பக்கம் மொதலாளியும் நானும், அந்தப் பக்கம் அவரும் அவரு சம்சாரமும் வக்கீலும்.

ரெண்டு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் அவரைக் கிட்டத்துல பார்த்தேன். மூங்கில் மாதிரி இருந்த ஆளு. இப்ப சட்டைக்குள்ள ஆளு இருக்காரான்னு தேட வேண்டியிருக்கு. கழுத்தைச் சுத்தித் துண்டு. என்னையப் பார்த்துத் தலையை ஆட்டினாரு, நல்லாருக்கியான்னு. நானும் ஆட்டினேன்.

வக்கீலு ஏதேதோ கேட்டாரு. எல்லாத்துக்கும் ரிஜிஸ்டரைக் காட்டினேன். பக்கத்தைத் திருப்பித் திருப்பி அவருக்கே அலுத்துப்போச்சு. அப்ப கொம்பையா அண்ணன் கையைத் தூக்கினாரு. ஒரு காகிதத்துல என்னமோ எழுதி வக்கீல்கிட்டக் குடுத்தாரு. வக்கீலு வாசிச்சாரு: "குருவம்மா, நீ என் தெருக்காரி. ரிஜிஸ்டரை விடு. அன்னைக்கு நீ உன் கண்ணால பார்த்தப்ப நிறம் வந்துச்சா, வரலையா?"

மொதலாளி என்னையப் பார்க்கல, கைக்கெடியாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. நான் கொம்பையா அண்ணன் மொகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நிறம் வரல அண்ணே"ன்னேன்.

அது உண்மைதானே? வந்துச்சுன்னு சொன்னாத்தான் பொய்யி. வரல. மருந்து இருந்துச்சான்னு அவரு கேக்கல. வக்கீலும் கேக்கல. அம்புட்டு பெரிய கோர்ட்டுல ஒருத்தரும் கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்ல?

கொம்பையா அண்ணன் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு தாயி. என்னைய. கும்பிட்டுட்டு சம்சாரம் காதுல காத்துச் சத்தத்துல சொன்னாரு. பக்கத்துல நின்னதால எனக்கு வெளங்குச்சு. "குருவு பொய் சொல்ல மாட்டா. அப்ப கடையிலதான்."

அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. வையட்டும், மண்ணை வாரித் தூத்தட்டும், வாங்கிக்கலாம். கும்பிடுறாரு. நான் எங்க போயி அதை எறக்கி வைக்கிறது?

வெளிய வந்து எதிர்க் கடையில டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். கொம்பையா அண்ணன் தம்பி சுடலை வந்தான். மண்டியில மூடை தூக்குறவன், நல்ல ஒசரம். கூட நாலு பேரு. அண்ணனையும் மதினியையும் ஆட்டோவுல ஏத்தி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிட்டு வந்திருக்கான். என் டீக்கும் சேர்த்து அவனே காசு குடுத்தான். மரியாதையாத்தான் பேசினான். "அக்கா, எங்க அண்ணனுக்கு இத்தனை நாளும் கம்பெனி மேலதான் சந்தேகம். கடைக்காரியை ஒருத்தனும் தொடக்கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு. இன்னைக்கு நீங்க சொன்னதும் அவரே, 'இனிமே உங்க இஷ்டம்'னு எழுதிக் காட்டிட்டாரு. அவ எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்னு தெருவுல சொன்னாக."

சொன்னேன். பந்தல்குடி தாண்டி உள்ள போகணும், பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த ஓட்டு வீடுன்னு சொன்னேன். கேட்டா சொல்லத்தானே வேணும்? கோர்ட்டுக்குள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா பேசுறது? "என்னடா செய்யப் போறீக?"ன்னும் கேட்டேன். கேக்காம இல்ல. "ஒண்ணும் இல்லக்கா, பேசத்தான்"ன்னான். வாடகைக் கார்ல ஏறிப் போனாக. நம்ம பஸ் கெளம்புறதுக்கு அரை மணி நேரம் முந்தியிருக்கும்.

என்ன தாயி, மொகம் வெளிறிப்போச்சு? பேசத்தான்னு சொன்னானே.

நம்பரா? நம்பர் எனக்குத் தலைகீழாத் தெரியும். ரெண்டு வருசமா அவளுக்குப் பேசல, அம்புட்டுதான். தினம் சாயங்காலம் போடணும்னு எடுப்பேன், வச்சிருவேன். இன்னைக்கு என் போன்ல சார்ஜும் இல்ல. ஒன் போனா? வேணாம் தாயி, நீ எதுக்கு இதுல... நான் என்னன்னு சொல்லுவேன்? அவ கட் பண்ணிருவா.

மருந்து இல்லன்னு சொல்லவா? சுடலை வர்றான், வீட்டை விட்டுக் கெளம்பு, மருந்தே இல்லக்கா அப்படின்னா? அதைக் கனியக்காகிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது, கோர்ட்டுலதான சொல்லியிருக்கணும்ங்கிறயா? நீ அப்படிப் பார்க்காத. சரி, குடு. நீயே போட்டுக் குடு. தொண்ணூத்தெட்டு, நாப்பத்திரெண்டு... ஆமா... அறுபத்தேழு... ஆமா.

மணி அடிக்குது.

அலோ. அக்கா. நான்தான். குருவு. ஆமாக்கா, குருவுதான். இது பஸ்சுல ஒரு புள்ளையோட போனு. நல்லாருக்கேன். நீங்க? அப்படியா, எப்ப பொறந்துச்சு? பேத்தியா? ஒன்பது மாசமா? எனக்கு ஒருத்தரும் சொல்லலயேக்கா. இல்லக்கா, அழுகல, பஸ் சத்தம். அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வாசல்ல வந்து கேட்டீகள்ல, அது... அந்தச் சொட்டு மருந்து இருக்குல்ல... என்ன? யாரு? சரிக்கா. சரி. நீங்க போய்ப் பாருங்க. நான் பெறகு பேசுறேன்.

இந்தா தாயி, போனு. நல்லாத்தான் பேசினா. நான் நெனைச்ச மாதிரி கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. குருவுன்னே கூப்பிட்டா. பேத்தி பொறந்திருக்காம். சொல்ல வந்தேன், நீயே கேட்டேல்ல, வாயெடுத்துட்டேன். அதுக்குள்ள வாசல்ல கார் வந்து நிக்குது, எறங்குறவங்களைப் பார்த்தா நம்ம மண்டி ஆளுக மாதிரி தெரியுது, என்னன்னு கேட்டுட்டு வந்து கூப்பிடுறேன்னு வச்சுட்டா.

மறுபடி எதுக்குப் போடுற? வந்த ஆளுககிட்டப் பேசிக்கிட்டிருப்பா. கூப்பிடுறேன்னு சொன்னா கூப்பிடுவா, எனக்குத் தெரியாதா அவளை. நான் எறங்குற எடம் வர்றதுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கு. போனைப் பைக்குள்ள வச்சிராத தாயி. கையிலயே வச்சிரு.

எடுக்கலையா?